துரை விழுந்த நாளும் அப்பு வந்த ஞாயிறும்

கண்டியில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலக வாசலில் மேசை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு இருபத்தாறு வயது. தலைக்கனம் மட்டும் வயதுக்கு மீறி இருந்தது. சீனியர் பரீட்சை பாஸ் பண்ணியவன், இங்கிலீஷ் பத்திரிகையை ரயிலில் நாலு பேர் பார்க்கப் பிரித்து வாசிக்கிறவன், கடுகண்ணாவையிலிருந்து தினமும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து இறங்குகிறவன். எதிர்ப்பக்கத்தில் இன்னொருத்தர் மேசை போட்டிருந்தார். அவர் எழுதினால் எந்த மனுவும் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். மாடு காணாமல் போனது, தேடித் தரவும், அவ்வளவுதான். நான் எழுதினால் மாடு காணாமல் போன அன்று வானம் எப்படி இருந்தது என்பதும் வரும். வாசிக்கிற அதிகாரிக்கு நெஞ்சு இளக வேண்டாமா? ஆட்களுக்கும் அது பிடித்திருந்தது. அந்தத் தம்பி எழுதினா கல்லும் கரையும் என்று தேயிலைத் தோட்டங்களில் பேச்சு. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் கெட்டுப்போனேன்.

சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமை போனது, பின்னாலேயே வாக்கும் போனது. மூன்று தலைமுறையாக இந்த மலையில் மாடாக உழைத்தவர்களைப் பார்த்து நீ யார் என்று கேட்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கும். அப்புறம் இன்னொரு சட்டம் போட்டார்கள். இத்தனை வருஷம் இந்த நாட்டிலேயே இருந்தேன் என்று நிரூபித்தால் பிரஜாவுரிமை கிடைக்கும். இடையில் வெளிநாடு போயிருந்தால், ஒரு தடவை போனது ஒரு வருஷத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. இந்தியாவுக்குக் கல்யாணம், கருமாதி என்று போய் வந்தவர்கள் எல்லாம் விரல்விட்டு மாதங்களை எண்ண ஆரம்பித்தார்கள். என் மேசைக்கு முன்னால் காலை எட்டு மணிக்கே வரிசை நிற்கும். என் சொந்த விண்ணப்பமும் எங்கேயோ ஒரு கோப்புக் கட்டுக்குள் கிடந்தது.

அந்த வரிசையில் ஒருநாள் வந்தவர்தான் அப்பு. அது பெயர் இல்லை. தோட்டத்துப் பங்களாவில் வெள்ளைக்காரத் துரைக்குச் சமைக்கிறவரை எங்கள் பக்கத்தில் அப்பு என்றுதான் சொல்வோம். ஹந்தானை மலையில் ஒரு தோட்டம். நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சாரம், வெள்ளைக் கோட்டு, இரண்டிலும் ஒரு மஞ்சள் கறை கிடையாது. படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்து, நாட்டை விட்டு வெளியே போனதுண்டா என்ற கேள்வியில் வழக்கம்போல நிறுத்தினேன். இந்தியா என்பார், திருச்சி என்பார் என்று பேனாவைத் தயாராக வைத்திருந்தேன்.

"பர்மாவுக்குப் போனேன் தம்பி. சண்டைக்கு" என்றார்.

எனக்குக் கைகால் ஓடவில்லை. ஒரே மாதிரி விண்ணப்பங்களை எழுதி எழுதிச் சலித்துப் போயிருந்தவனுக்கு இப்படி ஒரு ஆள் கிடைத்தால் சும்மா விடுவானா? உட்காருங்க அண்ணே என்று என் கதிரையையே கொடுத்தேன். அவர் சொன்னது இதுதான். யுத்த காலத்தில் அவருடைய துரையைப் பட்டாளத்தில் எடுத்து, பர்மாக் காட்டில் நம் பக்கம் நின்று சண்டை போட்ட சீனப் படை ஒன்றுக்கு ஆலோசகராக அனுப்பினார்கள். துரைக்கு வயிற்றுப் புண். இவர் சமைத்ததைத் தவிர வேறு எதைச் சாப்பிட்டாலும் இரண்டு நாள் படுத்துவிடுவார். அதனால் அப்புவையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டார். சீனப் பையன்களோடு பத்து மாதம் காட்டில் அலைந்தபின் ஒருநாள் ஓர் ஆற்றங்கரையில் மாட்டிக்கொண்டார்கள். எதிர்க்கரையில் ஜப்பான்காரனின் இயந்திரத் துப்பாக்கி. நடு ஆற்று மணல் திட்டில் இருபது பையன்கள் முகம் குப்புறக் கிடந்தார்கள், எழும்ப வழியில்லை. துரை எழுந்தார், மணல் திட்டுக்கு நடந்து போனார், அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"நடந்தா?" என்று கேட்டேன்.

"நடந்துதான். நம்ம மலையில காலையில வேல பாக்கப் போவாரே, அதே மாதிரி."

எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்புறம் துரைக்குக் குண்டு பட்டது, ஆஸ்பத்திரி, அங்கிருந்து என்று அப்பு ஏதோ சொல்ல வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். போதும் அண்ணே, மிச்சத்தை என் கையில் விடுங்க என்றேன். பாவி, அந்த மிச்சத்தில்தான் அவருடைய குடும்பமே இருந்தது.

படிவத்தோடு ஒரு மனுவும் இணைப்பது எங்கள் வழக்கம். சட்டம் கேட்கவில்லை, பிரஜாவுரிமைக் கந்தோரில் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் மனு இல்லாமல் வெறும் படிவம் அனுப்பினால் ஆட்களுக்கு மனசு ஒப்பாது, வெற்றிலை இல்லாமல் கல்யாணத்துக்கு அழைத்த மாதிரி. அன்று நான் எழுதிய மனு மூன்று பக்கம். துரையின் கையில் வாள் கொடுத்தேன். ஆற்றில் ரத்தம் ஓட விட்டேன். அப்புவைத் துரையின் பக்கத்திலேயே நிறுத்தி, இரண்டு முழு வருஷங்கள், ஒரு நாள்கூட இடைவெளியின்றி, எஜமானின் நிழலைப் பிரியாமல் போர்ப் புகைக்குள் நின்றார் என்று இங்கிலீஷில் வெளுத்து வாங்கினேன். வெளியே போனதுண்டா என்ற கேள்விக்கு நேரே, இணைத்துள்ள மனுவைப் பார்க்கவும் என்று போட்டேன். பிறகு முழுவதையும் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

அப்பு தலையைச் சொறிந்துகொண்டு, தான் சமைத்தது எங்கேயும் வரவில்லையே என்றார். அது வராமல் இருப்பதுதான் மரியாதை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை, வரிசையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கொழுந்து பறிக்கிற உடுப்போடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் மலையிலிருந்து நேராக இறங்கி வந்திருந்தார். கையில் நாலாக மடித்த ஒரு கடிதம். நான் பங்களா அப்பு பெண்சாதி, அவருக்கு எழுதிக் கொடுத்தது நீங்கதானே என்று கேட்டார். நான் பெருமையாக ஆமாம் என்றேன்.

"ரெண்டு வருசம் ஒரு நாள்கூட விடாம பர்மாவுல இருந்தாருன்னு எழுதியிருக்கீங்க. அப்ப எம் ரெண்டாவது புள்ள யாருக்குப் பொறந்துச்சு தம்பி?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான் கடிதத்தை வாங்கி வாசித்தேன். விண்ணப்பதாரர் தன் சொந்த வாக்குமூலத்தின்படியே இரண்டு வருஷம் தொடர்ந்து நாட்டில் இல்லாதவர், ஆகவே பிரஜாவுரிமை மறுக்கப்பட இருக்கிறது. இரண்டாவது பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் உள்ள திகதி அந்தக் காலத்துக்குள் வருகிறது, அதற்கும் விளக்கம் வேண்டும். மூன்று மாதத்துக்குள் காரணம் காட்டினால் விசாரணை, இல்லாவிட்டால் கதை முடிந்தது. அப்புவுக்கு மறுத்தால் மனைவிக்கும் இல்லை, பிள்ளைகள் இரண்டுக்கும் இல்லை. நாலு பேரும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்க வேண்டியதுதான்.

அந்தக் கடிதத்தைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை காலைப் பெரட்டில், அதாவது எல்லோரும் வேலைக்கு வரிசை கட்டி நிற்கிற இடத்தில், சத்தமாக வாசித்துத் தமிழில் சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தானாம். அன்று முதல் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள் பீலிக்குத் தண்ணி எடுக்கப் போகும்போது இவரைக் கூப்பிடுவதில்லை. இவர் போனால் பேச்சு நிற்கிறது. இதையெல்லாம் அந்த அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் சொன்னார். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று கடைசியில் சொன்னார். எதிர்மேசைக்காரர் என்னைப் பார்க்காத மாதிரி பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் நடுவில் வந்தாரா என்று மெதுவாகக் கேட்டேன். வந்தார் என்றார். துரைக்குக் குண்டு பட்டதும் அவரைக் கண்டிப் பக்கத்துப் பட்டாள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். யுத்தத்தின் பெரிய தலைமையகமே அப்போது பேராதனையில்தான் இருந்தது. அப்பு கூடவே கப்பலில் வந்து, மூன்று வாரம் ஆஸ்பத்திரி விறாந்தையில் படுத்துக் கிடந்து, துரைக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை லயத்துக்கு வந்தார். ஞாயிறு பொழுது சாயுமுன் போய்விட்டார். பிறகு துரைக்கு ஆறியதும் இரண்டு பேரும் மறுபடி பர்மாவுக்குப் போய் ஒன்பது மாதம் இருந்துவிட்டுச் சண்டை முடிந்தபின்தான் திரும்பினார்கள்.

"பத்து மாசம் கழிச்சு வந்த மனுசனுக்கு ஒரே ஒரு நாள் லீவு குடுத்தான் அந்தத் தொர. நல்லா இருப்பானா?" என்றார் அக்கா.

நான் கணக்குப் போட்டேன். பத்து மாதம், நடுவில் மூன்று வாரம் இங்கே, அப்புறம் ஒன்பது மாதம். ஒரு தடவைகூட ஒரு வருஷத்தைத் தாண்டவில்லை! சட்டப்படி அந்த மனிதர் மேல் ஒரு தூசு இல்லை. இடைவெளியின்றி என்று எழுதி அவரை வெளியே தள்ளியது நான்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கத்தியது, கெட்டது பக்கத்தில் நின்ற குடும்பம். அன்று பகல் சோறு இறங்கவில்லை. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம்.

அடுத்த ஞாயிறு ஹந்தானை மலைக்கு ஏறினேன். அப்புதான் துரையிடம் சொல்லி நேரம் வாங்கியிருந்தார். தன் இரண்டாவது மகளைப் பற்றி இப்படி ஒரு கேள்வி வந்ததற்கு அவர் என்னை நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். ஏசவில்லை, மேடு தம்பி, மெதுவா ஏறுங்க என்றார்.

துரை நெட்டையான மனிதர், ஒரு காலை இழுத்து நடப்பார். தோட்டம் கைமாறப் போகிறது, அவர் இரண்டு மாதத்தில் சீமைக்குப் போகிறார். பங்களாவில் பாதிச் சாமான் பெட்டிக்குள் இருந்தது. என் மனுவின் பிரதியைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். வாள் என்ற இடத்தில் ஒரு கோடு. ரத்த ஆற்றுக்கு ஒரு கோடு. எதிரிகளை வீழ்த்தினார் என்று நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன், அதற்கு மேலிருந்து கீழாக ஒரே கோடு. மூன்று பக்கத்தில் கடைசியாக மிஞ்சியது திகதியும் முகவரியும்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது. அன்று நான் ஒருவரையும் கொல்லவில்லை, என் கையில் துப்பாக்கிகூட இல்லை என்று இங்கிலீஷில் சொன்னார். பிறகு, எழுது என்று தன் வாயால் சொல்ல ஆரம்பித்தார்.

ஆலோசகரின் வேலை பின்னால் நிற்பது. அவர் சீனக் கப்டனிடம் சொல்வார், கப்டன் பையன்களிடம் சொல்வார், நடுவில் மொழிபெயர்க்க ஓர் ஆள். அன்று மொழிபெயர்க்கிறவன் மலேரியாவில் மூன்று மைல் பின்னால் கிடந்தான். கப்டன் முதல் வெடியிலேயே செத்துப்போனார். இருபது பையன்கள் மணலில். அவர்களுக்கு இடது பக்கம் பத்தடியில் நம் கரைவரை போகிற ஒரு பள்ள ஓடை இருக்கிறது, அதற்குள் இறங்கினால் தப்பலாம், ஆனால் கிடக்கிறவர்களுக்கு அது தெரியாது. துரை நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. எப்படிச் சொல்வது? துரைக்குத் தெரிந்த சீன வார்த்தைகள் மூன்று: தேத்தண்ணி, சோறு, நன்றி. அதனால் எழுந்து கைத்தடியை எடுத்துக்கொண்டு நடந்தார். ஓடினால் பயந்து ஓடுகிறார் என்று நினைப்பார்கள், அதற்காக நடந்தார். ஒவ்வொருவன் தோளிலும் தடியால் தொட்டு, ஓடையைக் காட்டினார். ஒருவன் பின்னால் ஒருவனாக ஊர்ந்து போனார்கள். பதினைந்து பேர் போனார்கள், ஐந்து பேரால் நகர முடியவில்லை. அவர்களுக்காக இரண்டாவது தரம் போனபோது இடுப்புக்குக் கீழே குண்டு பட்டது.

இவ்வளவையும் தோட்டத்து மழைக் கணக்குச் சொல்கிற குரலில் சொன்னார். பயம் இல்லையா என்று கேட்க எனக்கு நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை. அப்புறம் அப்பு பக்கம் பென்சிலை நீட்டினார். இவன் அங்கே இருக்கவே கூடாது, சமையற்காரனின் இடம் இரண்டு மைல் பின்னால் என்றார். எனக்குத் தேத்தண்ணிப் போத்தல் கொண்டுவந்தவன், போத்தலைக் கீழே வைத்துவிட்டு மணலுக்குள் வந்து, என் இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்து ஓடை வரை இழுத்தான். அதைப் பார்த்துத்தான் அந்தச் சீனப் பையன்கள் திரும்பி வந்து மற்ற ஐவரையும் இழுத்தார்கள் என்றும் சொன்னார்.

நான் அப்புவைத் திரும்பிப் பார்த்தேன். என் மேசைக்கு முன்னால் அத்தனை கதை சொன்னவர் இதை மட்டும் சொல்லவில்லை. அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முன்னால் போனதற்குத் துரைக்கு மேலிடத்தில் திட்டுத்தான் கிடைத்ததாம். பிறகு அலுமாரியைக் குடைந்து ஓர் ஆஸ்பத்திரி அட்டையை எடுத்தார். சேர்ந்த திகதி, போன திகதி, காய்ச்சல் விவரம் எல்லாம் இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துரை தலையை ஆட்டினார். இது நான் வந்ததற்கு அத்தாட்சி, இவன் வந்ததற்கு ஓர் எழுத்தும் இல்லை, என் வாய்ச்சொல் மட்டும்தான் என்றார். கப்பலேறுமுன் விசாரணை வந்தால் தானே வந்து சொல்வதாகவும் சொன்னார்.

வந்தது. துரை புறப்படப் பத்து நாள் இருக்கும்போது வந்தது.

விசாரணை அறை சின்னது. அதிகாரி ஒரு சிங்களக் கனவான், கண்டிப்பானவர், களைத்தவர். பக்கத்தில் தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் நின்ற மொழிபெயர்ப்பாளர். அப்பு வெள்ளைக் கோட்டில், அக்கா நல்ல சேலையில், துரை தடியை ஊன்றிக்கொண்டு ஓரத்துக் கதிரையில். அதிகாரி முதலில் மனுவைத் தூக்கிக் காட்டி, இதை எழுதியது யார் என்றார். நான் எழுந்தேன்.

ஒரு நாள்கூட இடைவெளியின்றி என்று விண்ணப்பதாரர் சொன்னாரா என்று கேட்டார். இல்லை ஐயா, நானாக எழுதினேன் என்றேன். ஏன் என்றார். எனக்குப் பொய் சொல்ல நேரம் இருந்தது, சொல்லத் தோன்றவில்லை.

"அழகுக்காக, ஐயா."

யாரும் சிரிக்கவில்லை. உன் அழகுக்காக இந்தப் பெண்ணை நான் இப்போது என்ன கேட்க வேண்டியிருக்கிறது என்று உனக்குத் தெரிகிறதா என்றார். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். என் மேசைக்கு இனி எவனும் வரமாட்டான் என்று நினைத்தேன். நினைத்தாலும், அப்படியே போகட்டும், இந்தக் குடும்பம் தப்பினால் போதும் என்றுதான் இருந்தது. கச்சேரி வாசலில் அதுவரை அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்ததே இல்லை.

துரை அட்டையைக் கொடுத்துத் தன் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். அதிகாரி மரியாதையாகக் கேட்டார், ஆனால் அசையவில்லை. நீங்கள் வந்ததை நம்புகிறேன் என்றார். அட்டையில் காய்ச்சல் என்று இருக்கிறது. யார் கஞ்சி கொடுத்தார்கள் என்பது காய்ச்சல்காரருக்கு மாறிப்போகலாம். உங்கள் உயிரைக் காப்பாற்றிய வேலைக்காரன், நீங்களோ நாட்டை விட்டுப் போகிறீர்கள், அவனுக்கு ஓர் உபகாரம் செய்ய நினைப்பது இயற்கை. இந்த மனு ஏற்கெனவே ஒரு தரம் மாறிவிட்டது, மறுபடி மாறாது என்று நான் எப்படி நம்புவது? கேட்டது நியாயம்தான், அதுதான் எனக்கு வலித்தது. துரை கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, இவன் என்னிடம் ஒரே ஒரு தரம்தான் லீவு கேட்டான் என்றார். சனிக்கிழமை பகல் முதல் திங்கள் காலை வரை இரண்டு நாள் கொடுத்தேன், ஞாயிறு இருட்டுமுன் திரும்பி வந்துவிட்டான், ஏன் என்று நான் கேட்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். இரண்டு நாள் என்ற வார்த்தை வாயிலிருந்து விழுந்ததோ இல்லையோ, அக்கா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். அதிகாரியைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்துத் திரும்பினார்.

"ரெண்டு நாளா? ஒரு நாளுன்னுதானே எங்கிட்ட சொன்னீங்க? இந்தத் தொரயத்தானே இத்தன வருசமா நான் வைஞ்சுக்கிட்டு இருந்தேன்!"

அதோடு நிற்கவில்லை. அந்த ஞாயிறு இவருக்கென்று எங்கேயோ கடன் சொல்லிக் கோழி வாங்கிக் குழம்பு வைத்தது, அது கொதிக்கும்போதே இவர் கோட்டை மாட்டியது, மூத்தவள் வாசற்படியில் உட்கார்ந்து இருட்டும்வரை பாதையைப் பார்த்தது, எல்லாம் வந்தது. இன்னொரு ராத்திரி வீட்டில் இருக்க உமக்கு என்ன கசந்தது, அந்தச் சண்டைதான் உமக்குப் பெரிசாப் போச்சா என்று கேட்டுவிட்டுத்தான் அழுதார். பெரட்டில் மானம் போனபோது அழாத மனுஷி. மொழிபெயர்ப்பாளர் தயங்கி, இதையும் சொல்லவா என்று அதிகாரியைப் பார்த்தார். ஒரு வார்த்தை விடாமல் சொல்லு என்றார் அதிகாரி.

அப்பு எழுந்து நின்றார். கை கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

"இன்னொரு ராத்திரி இருந்திருந்தா நான் திரும்பிப் போயிருக்க மாட்டேன்" என்றார். "பயமா இருந்துச்சு. ஒங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

இங்கிலீஷில் சொல்லப்படும்வரை துரை காத்திருக்கவில்லை. தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாக வரும், வேலைக்காரரை அதட்டப் படித்த தமிழ்தான். அன்று அதட்டவில்லை.

"எனக்கும் அப்படித்தான் அப்பு. காயம் ஆற வேணாம்னு கேட்டுக்கிட்டு கெடந்தேன்."

துப்பாக்கிக்கு நேரே கைத்தடியோடு நடந்த மனிதர் சொல்கிறார் இதை! நான் கொடுத்த வாளும் ரத்த ஆறும் எவ்வளவு மட்டமான சரக்கு என்று அந்த அறையில்தான் எனக்கு உறைத்தது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, இதை யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் பேனாவை மறுபடி எடுத்தார். வெளியே வந்ததும் அக்கா யாரோடும் பேசாமல் பஸ்ஸுக்கு விறுவிறு என்று முன்னால் நடந்தார். அப்பு நாலடி பின்னால் போனார். துரை அதைப் பார்த்து, அவனுக்கு இன்று ராத்திரிச் சோறு கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார்.

பிரஜாவுரிமைப் பத்திரம் வர மேலும் சில மாதங்கள் ஆயின. துரை போய்விட்டிருந்தார். எனக்கு எதிர்பார்த்த அளவு நஷ்டம் வரவில்லை. மனுக்கள் அரைப் பக்கத்துக்கு இறங்கின, அவ்வளவுதான். கல்லைக் கரைக்கச் சொல்லி வந்தவர்களை எதிர்மேசைக்கு அனுப்பினேன், அவர் என்னை முறைத்தார். ஒரு சனிக்கிழமை அப்புவும் அக்காவும் பத்திரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். அப்புவின் பெயர், அவர் பெயரோடு அக்காவின் பெயர், இரண்டு பெண்களின் பெயர். இரண்டாவது பெண்ணின் பெயர் வந்த இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார் அக்கா. வாசித்தேன். பீலிக்கு இப்போது எல்லோரும் சேர்ந்துதான் போகிறோம் என்று தானாகவே சொன்னார். இனி எங்கள யாரும் இந்த நாட்டை விட்டு அனுப்ப ஏலாதா என்று கேட்டார். ஏலாது அக்கா, எந்தக் கொம்பனாலும் ஏலாது என்றேன்.

"அனுப்புறவங்கள விடுங்க தம்பி. இவரு தானாப் போறவரு. போக மாட்டேன்னு இவரு கையெழுத்தோட ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து, இனி நான் என் வீட்டை விட்டு எங்கும் போக மாட்டேன் என்று தமிழில் ஒரே ஒரு வரி எழுதினேன். அப்பு அதை இரண்டு தரம் வாசித்தார், காதெல்லாம் சிவந்துபோய்க் கையெழுத்துப் போட்டார். அக்கா மை காயும்வரை ஊதினார். பிறகு பிரஜாவுரிமைப் பத்திரத்தை அப்புவின் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் கடுதாசியை மடித்துத் தன் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டார்.